மாணவர் சங்கமும் மாணவர் கூடும் கடையும்



படிப்புக்கோ வேலைக்கோ சிங்கப்பூருக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் உண்டு. விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் என்ன கேட்கிறோம்? சாப்பாடு எப்படி, தங்கும் இடம் எப்படி, கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறோம். "சாயங்காலம் எங்கே உட்காருகிறாய், யாரோடு பேசுகிறாய்?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் சந்தேகத்தோடுதான் கேட்கிறோம். இன்று அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். பல்கலைக்கழக மாணவர் சங்கம் என்பது என்ன, சிங்கப்பூரில் அது எப்படி வளர்ந்து எப்படிச் சுருங்கியது, மாணவர்கள் கூடி உட்கார்ந்த கடைகளும் மதுக்கூடங்களும் மறைந்ததற்கும் சங்கம் மெலிந்ததற்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்று பார்ப்போம்.

மதுக்கூடம் என்ற சொல்லைக் கேட்டதுமே தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அதற்கு நியாயம் இருக்கிறது. கள்ளுக்கடை நம் குடும்பங்களுக்குச் செய்த கேட்டை நாம் யாரும் மறந்துவிடவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பின் கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடை மறியல் நடத்தியது. 1947இல் பீடோங்கில் மறியல்காரர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் ஏற்பட்டு, உயிரிழப்பு வரை போயிற்று. ஆனால் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். கள்ளுக்கடையை மூடச் சொன்ன அந்தத் தொழிலாளர்களும் எங்கோ ஓரிடத்தில் கூடிப் பேசித்தான் அந்த முடிவுக்கு வந்திருப்பார்கள். கோயில் முன்றிலோ, பள்ளிக்கூடத் திண்ணையோ, லயத்து வாசலோ, ஓர் இடம் இருந்திருக்கும். குடிப்பது வேறு, கூடுவது வேறு. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்துவிட்டால், குடியைத் தடுக்கப் போய்க் கூடுவதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறோம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சங்கம் என்றால் நமக்குத் தொழிற்சங்கம்தான் நினைவுக்கு வரும். சந்தா கட்டுகிறோம், தோட்டக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறோம், கூலியும் வீடும் பற்றி நிர்வாகத்தோடு பேச நம் சார்பில் ஆள் இருக்கிறது. மாணவர் சங்கமும் ஏறக்குறைய அப்படித்தான். கல்விக் கட்டணத்தோடு சந்தாவும் சேர்த்துப் பெறப்படும். மாணவர்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்திப் பேரவை அமைப்பார்கள். விடுதி, உணவகத்து விலை, தேர்வு விதி, கட்டண உயர்வு ஆகியவற்றைப் பற்றி நிர்வாகத்திடம் பேசுவார்கள். பத்திரிகை நடத்துவார்கள். நாட்டு நடப்பைப் பற்றியும் கருத்துச் சொல்வார்கள். இந்தக் கடைசி வேலைதான் எல்லா நாட்டிலும் தகராறைக் கொண்டுவருவது.

தொழிற்சங்கத்துக்கும் மாணவர் சங்கத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பால்மரம் வெட்டுபவர் ஒரே தோட்டத்தில் 20, 30 ஆண்டுகள் இருந்திருப்பார். பழைய வழக்கு, பழைய ஒப்பந்தம், பழைய துரோகம் எல்லாம் அவருக்கு நினைவிருக்கும். மாணவனோ மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அடுத்து வருபவனுக்கு முந்தைய கதை தெரியாது. அப்படியானால் மாணவர் சங்கத்தின் நினைவு எங்கே தங்குகிறது? பெரும்பாலும் இடத்தில்தான் தங்குகிறது. சங்கக் கட்டடத்து நாற்காலியில், விடுதி உணவறையில், வாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் தங்குகிறது. மூன்றாம் ஆண்டு மாணவன் முதலாம் ஆண்டு மாணவனுக்குக் கதை சொல்வது அங்கேதான். "இதைப்பற்றிப் போன வருசமே கேட்டோம், இப்படிச் சொல்லி ஏமாற்றினார்கள்" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் கேட்டுக்கொள்கிறான். வகுப்பறையில் இதற்கு நேரம் ஏது?

இனி சிங்கப்பூருக்கு வருவோம்.

1905இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், 1928இல் புக்கிட் தீமாவில் பாடம் தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரியும் 1949 அக்டோபர் 8ஆம் நாள் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. அன்று மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சேர்த்து ஒரே பல்கலைக்கழகம். ஈப்போவிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் இரயிலேறிப் பிள்ளைகள் வந்தார்கள். புக்கிட் தீமாவில் புல்வெளியைச் சுற்றி வளைவு வாசல்கள் கொண்ட கட்டடங்கள். நடந்து போகும் தூரத்தில் விடுதிகள். ஒருவனைத் தேட வேண்டுமானால் ஒரு சுற்று நடந்தால் போதும் என்கிற அளவில்தான் அந்த வளாகம் இருந்தது. பல்கலைக்கழகத்தோடு மாணவர் சங்கமும் பிறந்தது.

1953இல் அங்கே சோஷலிஸ்ட் மன்றம் ஒன்று அமைந்தது. பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான எஸ். ஆர். நாதனும் அதன் உறுப்பினராக இருந்தவர். மன்றத்தின் இதழுக்கு 'ஃபஜார்' என்று பெயர். மலாயில் விடியல் என்று பொருள். 1954 மே இதழில் ஆசியாவில் வல்லரசுகளின் ஆக்கிரமிப்பைக் கண்டித்து ஒரு தலையங்கம் வெளிவந்தது. மாணவர் எண்மரைப் பிடித்துத் தேசத் துரோகக் குற்றம் சாட்டினார்கள். அவர்களில் எம். கே. ராஜகுமார், ஜேம்ஸ் புதுச்சேரி, பூ சூ காய் ஆகியோர் இருந்தார்கள். தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்து பின்னாளில் பெரும் ஆங்கிலக் கவிஞராகிய எட்வின் தம்பூவும் இருந்தார். இங்கிலாந்திலிருந்து டி. என். பிரிட் என்னும் வழக்கறிஞர் வந்து வாதாடினார். அவருக்கு உதவியாக நின்ற இளம் வழக்கறிஞர்தான் லீ குவான் இயூ. அதே ஆண்டு ஆகஸ்டில் எண்மரும் விடுதலையானார்கள்.

இவர்களில் ஜேம்ஸ் புதுச்சேரியைப் பற்றி நாம் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அவர் பின்னர் மீண்டும் சிறைப்பட்டு, சாங்கிச் சிறையில் இருந்த காலத்தில் மலாயாவின் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். அது 1960இல் வெளிவந்தது. நாம் பால்மரம் வெட்டிய தோட்டங்களை எந்தெந்த ஐரோப்பிய ஏஜென்சி நிறுவனங்கள் எப்படித் தங்கள் பிடியில் வைத்திருந்தன என்பதைக் கணக்கோடு எடுத்துக்காட்டிய நூல் அது. மாணவர் மன்றத்தில் பேசிப் பழகிய ஒருவர் நம் தோட்டத்தின் கணக்கை எழுதினார் என்பதால்தான் இதை இங்கே சொல்கிறோம்.

நமக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. அங்கே இந்திய இயல் துறை தொடங்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அதில் தமிழுக்கு முதலிடமா, சமஸ்கிருதத்துக்கா என்ற வழக்கு எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி. நகரத்துக் கடைக்காரரும் கொடுத்தார், துறைமுகத் தொழிலாளியும் கொடுத்தார், தோட்டப் பாட்டாளியும் கொடுத்தார். 1956இல் துறை தொடங்கியது. தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. பின்னர் துறை கோலாலம்பூருக்குப் போயிற்று. அதே காலத்தில் சீன மக்கள் நன்யாங் பல்கலைக்கழகத்தைத் தாங்களே எழுப்பினார்கள். கோடீசுவரர்களோடு மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டியவர்களும் தங்கள் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். ஆகவே, பல்கலைக்கழக வாசலுக்குள் பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி ஆகாது. அதில் நம்முடைய வெள்ளியும் இருக்கிறது.

1962இல் சிங்கப்பூர்ப் பிரிவு தனிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் மாணவர் சங்கம் 1974இல் ஒரு திருப்பத்தை அடைந்தது. எண்ணெய் விலையேற்றத்தால் உலகெங்கும் தொழில்கள் ஆட்டங்கண்ட ஆண்டு அது. ஜூரோங் தொழிற்பேட்டையில் ஆள்குறைப்பு. மாணவர் சங்கத் தலைவர் டான் வா பியாவ் முதலியோர் வேலை இழந்தவர்களின் குறையைக் கேட்க முனைந்தார்கள்; ஆள்குறைப்பைப் பற்றி ஆராய ஒரு மையமே சங்கத்தில் வைத்தார்கள். அக்டோபர் 30ஆம் நாள் ஜூரோங்கில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் கலவரம் செய்ததாக அவர்மீது வழக்கு வந்தது. அது புனைந்த வழக்கு என்று அவர் வாதாடினார். 1975 பிப்ரவரியில் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருக்குத் துணை நின்ற வெளிநாட்டு மாணவர்கள் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலேசியர்கள்.

அதே 1974 இறுதியில் நம் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. இரப்பர் விலை வீழ்ந்து, கெடாவில் பாலிங் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்கள் பட்டினியென்று ஊர்வலம் போனார்கள். டிசம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காகத் திரண்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அடுத்த ஆண்டு அங்கே பல்கலைக்கழகச் சட்டம் இறுக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் 1975 நவம்பரில் சட்டத் திருத்தம் வந்தது. இரண்டு நாடுகள், ஒரே மருந்து என்று சொல்லலாம்.

சிங்கப்பூர்த் திருத்தம் என்ன செய்தது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சங்கத்தை ஒழித்துவிடவில்லை; பெயர் அப்படியே இருந்தது. ஆனால் மாணவர் எல்லாரும் நேரடியாகச் சேர்ந்து தலைமையைத் தேர்ந்தெடுக்கும் முறை போய், ஒவ்வொரு துறை மன்றமும் அனுப்பும் பிரதிநிதிகள் கூடும் கூட்டமைப்பாகச் சங்கம் மாறியது. பணம் நிர்வாகத்தின் மேற்பார்வைக்குள் வந்தது. தோட்டத்தில் எல்லாத் தொழிலாளரும் சேர்ந்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பதை விட்டு, வெட்டுக்காட்டுக்கு ஒருவர், ஆலைக்கு ஒருவர், களையெடுப்புக்கு ஒருவர் என்று பிரித்து அனுப்பி, சந்தாப் பெட்டியின் சாவியை ஆபீசில் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான். கலகம் அடங்கியது; வகுப்புகள் ஒழுங்காக நடந்தன; பட்டதாரிகளுக்கு வேலையும் கிடைத்தது. அந்தக் காலத்துப் பெற்றோர் பலர் இதை நிம்மதியாகவே ஏற்றிருப்பார்கள். நாமாக இருந்தாலும் ஏற்றிருப்போம். ஆனால் அதன்பின் அந்தச் சங்கம் நாட்டை நோக்கிக் கேள்வி கேட்கும் சங்கமாக எழவில்லை என்பதும் உண்மை.

சட்டத்தோடு இடமும் மாறியது. 1970களின் பின்பாதியில் தொடங்கிப் பல்கலைக்கழகம் படிப்படியாகப் புக்கிட் தீமாவிலிருந்து தென்மேற்கே கென்ட் ரிட்ஜ் குன்றுக்குப் பெயர்ந்தது. 1980இல் நன்யாங் பல்கலைக்கழகமும் இதனோடு இணைக்கப்பட்டுச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. மாணவர் கூட்டம் கூடாதிருக்கவே குன்றின்மேல் கட்டினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகை என்பதே நம் எண்ணம். வளரும் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய நிலம் வேண்டும், கிடைத்தது மலைமுகடு, முகட்டில் நீளவாக்கில்தானே கட்ட முடியும்? நோக்கம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். பொறியியல் ஒரு மேட்டில், கலைத்துறை ஒரு மேட்டில், அறிவியல் ஒரு சரிவில். இடையே போக உள்பேருந்து ஏற வேண்டும். துறைக்கொரு உணவகம். எல்லாரும் தற்செயலாகச் சந்திக்கும் ஒரு புல்வெளி என்பது இல்லாது போயிற்று. சங்க அலுவலகத்துக்கு யூசோப் இசாக் மாளிகை என்ற கட்டடம் கிடைத்தது. அலுவலகம் கிடைத்தது, சரி. வாசல் எதிரே தேநீர்க் கடை இல்லையே!

தேநீர்க் கடை என்றதும் சரபத் கடையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சிங்கப்பூரின் மாணவர் 'பப்' எது என்று நம்மைக் கேட்டால் சரபத் கடைதான் என்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முஸ்லிம் சகோதரர்கள் தள்ளுவண்டியிலும் ஓரக்கடையிலும் இஞ்சித் தேநீரும் 'தே தாரிக்'கும் ஆற்றிக் கொடுத்த கடைகள் அவை. வாட்டர்லூ தெருவில், சுற்றிலும் பள்ளிகள் இருந்த வட்டாரத்தில், பெஞ்சுப் பலகையில் மாணவரும் ஓவியரும் எழுத்தாளரும் நள்ளிரவுவரை உட்கார்ந்திருந்த காலம் உண்டு. ஒரு கிளாசு தேநீர் வாங்கினால் இரண்டு மணி நேரம் பேசலாம். கடைக்காரர் முகம் கோணமாட்டார். மாணவர் சங்கத்துக்கு வேண்டிய இலக்கணம் எல்லாம் அந்தக் கடைக்கு இருந்தது: மலிவு, காவல் இல்லை, நேரக் கட்டு இல்லை. 1970களிலும் 80களிலும் தெருக்கடைகளை எல்லாம் உணவு நிலையங்களுக்குள் கொண்டுபோனபோது அந்தத் தெருப் பெஞ்சுகளும் போயின. சுகாதாரத்துக்கு அது நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. புக்கிட் தீமா வளாகத்துக்கு அருகே ஆடம் ரோடு உணவு நிலையத்தில் இன்றும் சரபத் கடை உண்டு. பழைய மாணவர்கள் தலை நரைத்தும் அங்கே வருகிறார்கள் என்றால் தேநீரின் ருசி மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இன்னொரு இடம், ஸ்டாம்ஃபர்டு சாலையில் இருந்த சிவப்புச் செங்கல் தேசிய நூலகம். இதற்கும் நம் பால்மரத்துக்கும் சம்பந்தம் உண்டு, கேளுங்கள். இரப்பர் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய லீ கொங் சியான் 1953இல் 3,75,000 வெள்ளி கொடுத்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மொழி நூல்களும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கொடுத்தார். 1960இல் திறந்தார்கள். அறையில் இடம் இல்லாத மாணவன் படிக்கப் போகும் இடம் அது. படித்துக் களைத்தால் பக்கத்துக் காப்பிக்கடை. எஸ்-11 என்ற அந்தக் கடை 1990களில் இளைஞர் கூடும் இடமாகப் பெயர் வாங்கியது. சுரங்கச் சாலை ஒன்று அமைப்பதற்காக நூலகத்தை 2004 மார்ச் 31ஆம் நாள் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். மக்கள் வருந்தி எழுதினார்கள், பேசினார்கள், பயன் இல்லை. அந்த வட்டாரத்தில் எழுந்தது என்ன தெரியுமா? சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம். மாணவர் கூடிய இடத்தை எடுத்து மாணவருக்கே கட்டடம் கட்டினார்கள். குளிர்சாதன வசதியோடு அழகான வளாகம்தான். ஆனால் அந்தக் காப்பிக்கடைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்காதவர்கள்.

இப்போது உண்மையான மதுக்கூடங்களுக்கு வருவோம். இதில் நாம் நீளமாகப் பேசப் போவதில்லை. 1990களில் முகமது சுல்தான் சாலையில் வரிசையாக மதுக்கூடங்கள் இருந்தன, இளைஞர் மொய்த்தார்கள், 2000களில் அது ஓய்ந்தது. ஜியாக் கிம் தெருவில் பழைய கிடங்குகளில் 1991இல் தொடங்கிய 'சூக்' என்ற நடனக்கூடம், புதன்கிழமை இரவுகளில் மாணவர் கூடும் இடமாக இருந்து, 2016 இறுதியில் அங்கிருந்து கிளார்க் கீக்குப் போயிற்று. வாடகையும் மதுவரியும் ஏற ஏற, படிக்கும் பிள்ளை உள்ளே போய் உட்காரும் விலையில் எதுவும் இல்லை. அதனால் அவர்கள் கடையில் டின் வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் ஆற்றின் மேலுள்ள ரீட் பாலத்தில் போய் உட்கார்ந்தார்கள். கூரை இல்லாத மதுக்கூடம்!

அந்தப் பாலமும் ஓய்ந்த கதை தேக்காவில் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளரும் கப்பல்பட்டறைத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதும், ஊர்க்காரனைப் பார்ப்பதும், வேலையிடத்துக் குறையைச் சொல்லி ஆற்றிக்கொள்வதும் அங்கேதான். 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு ரேஸ் கோர்ஸ் சாலையருகே ஒரு தொழிலாளி தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கலவரம் மூண்டது, வண்டிகள் எரிந்தன. விசாரணைக் குழு அமைந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது: நாடு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையில் வாங்கிச் செல்லவும் முடியாது. தேக்காவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கத் தடை. குடியிருப்பாளருக்கு அமைதி வந்தது. தொழிலாளர் தங்கும் விடுதிகளுக்குப் பக்கத்தில் பொழுதுபோக்கு நிலையங்களும் வந்தன. கூட்டம் இன்னும் தேக்காவுக்கு வருகிறது. ஆனால் புல்தரையில் குந்தி நேரம் போவது தெரியாமல் பேசுவது குறைந்துவிட்டது. தொழிலாளரை எண்ணி எழுதிய அதே சட்டத்தால் ரீட் பாலத்து மாணவரும் எழுந்துபோனார்கள். குடி குறைந்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். அந்த நண்பர்கள் பிறகு எங்கே கூடினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் நம் மனக்குறை. பின்னர்ப் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் இறுதியில் மூடிய மதுக்கூடங்களும் நடனக்கூடங்களும் முன்போல் இயங்க 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பல நிரந்தரமாக மூடிக்கொண்டன.

இது சிங்கப்பூரில் மட்டும் நடக்கும் காரியம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் மாணவர் சங்கங்கள் தாங்களே மதுக்கூடம் நடத்துவது நெடுநாள் வழக்கம். மதுக்கூட வருமானம் சங்கத்தை நடத்தியது. இப்போது இளைஞர்கள் குடிப்பது குறைந்துவிட்டது. பேரங்காடியில் மது மலிவு. கட்டணம் கட்டவே மாலை வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. பல சங்க மதுக்கூடங்கள் காப்பிக்கடைகளாக மாறின, சில மூடின. லண்டன் பல்கலைக்கழகச் சங்கத்தையே 2014இல் கலைத்துவிட்டு, அதன் கட்டடத்தை நிர்வாகம் ஏற்று நடத்தியது.

கல்கத்தாவிலோ வேறு மாதிரி நடந்தது. அங்கே கல்லூரித் தெருவில், அன்றைய மாநிலக் கல்லூரிக்கு எதிரே காப்பிக்கடை ஒன்று உண்டு. இந்தியக் காப்பி வாரியம் 1942இல் தொடங்கியது. குடகிலும் சிக்மகளூரிலும் விளைந்த காப்பிக்கு உள்நாட்டில் விற்பனை தேடத்தான் வாரியம் இத்தகைய கடைகளை நடத்தியது. 1950களின் பின்பாதியில் வாரியம் கடைகளை மூடத் தலைப்பட்டபோது வேலை இழந்த ஊழியர்கள், ஏ. கே. கோபாலன் முதலிய தலைவர்களின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளைத் தாங்களே நடத்த முன்வந்தார்கள். கல்லூரித் தெருக் கடையும் 1958இல் மூடும் நிலைக்கு வந்தது. பேராசிரியர்களே அரசுக்கு மனுப்போட்டுத் திறக்கவைத்தார்கள். மாணவர் வெட்டிப்பேச்சுப் பேசுகிறார்கள் என்று குறை சொல்லவேண்டிய ஆசிரியர்கள் அல்லவா அந்த மனுவை எழுதினார்கள்! பாடம் எங்கே நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சிங்கப்பூரில் அப்படி மனுப்போட்ட காலமும் வந்தது. யேல் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்திய கல்லூரி ஒன்றை மூடப்போவதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். முடிவு எடுக்கும் முன் மாணவரைக் கேட்கவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். கையொப்பம் திரண்டது கணினித் திரையில், முடிவு மாறவில்லை, 2025இல் கல்லூரி மூடியாயிற்று. மனுவுக்கு ஆள் சேர்ப்பது இன்று சுலபம். மறுநாள் சாயங்காலம் அவர்களை ஓரிடத்தில் உட்காரவைப்பதுதான் கடினம்.

இன்று சேரும் பிள்ளைக்கு என்னதான் இருக்கிறது? சேர்ந்தவுடன் இளநிலை மாணவர் எல்லாரும் தாமாகவே மாணவர் சங்க உறுப்பினர் ஆகிவிடுகிறார்கள். துறை மன்றத்துக்கு ஆண்டுதோறும் தேர்தல் உண்டு. பல பதவிகளுக்குப் போட்டியிட ஆள் தேடும் நிலை இருக்கிறது. தமிழ் மொழிப் பேரவை இருக்கிறது. அவர்கள் மேடையேற்றும் 'சங்கே முழங்கு' நாடக நிகழ்ச்சியை நகரத்துத் தமிழர்கள் அறிவார்கள். நாடக ஒத்திகை என்றால் மாதக்கணக்கில் மாலைதோறும் கூட வேண்டும். ஒத்திகை முடிந்தால் தேநீருக்குப் போக வேண்டும். பழைய சரபத் கடை இன்று அந்த உருவில்தான் ஓரளவு வாழ்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்கும். தொடக்க வாரங்களிலேயே மன்றங்கள் மேசை போட்டு ஆள் சேர்க்கும். பிள்ளை கூச்சப்படும், "படிப்புக் கெடும்" என்று நம்மைக் காரணம் காட்டும். அந்தக் காரணத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வாரம் ஒரு மாலை, தேநீர்க் காசு ஒன்றரை வெள்ளியோ இரண்டு வெள்ளியோ, வீட்டுச் செலவுக் கணக்கில் அதற்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்.